தாமிரபரணிக் குளங்களில் ஒரு தலைக்கணக்கு

மேளம் இல்லை, பந்தல் இல்லை, அன்னதானம் இல்லை. ஜனவரி தோறும் நெல்லைச் சீமையின் குளத்தங்கரைகளில் கூடும் கூட்டத்துக்கு ஒரே வேலைதான்: தண்ணீரில் இருக்கும் பறவைகளை எண்ணுவது.

தாமிரபரணிக்கு விழாக்களில் குறைச்சலே இல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் காடு கொள்ளாத கூட்டம். சித்திரை விசுவுக்குப் பாபநாசம் படித்துறையில் கால்வைக்க இடம் இருக்காது. 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று சொல்லி 2018 அக்டோபரில் நடந்த மகா புஷ்கரத்தின்போது, புதர் மண்டிக் கிடந்த பழைய படித்துறைகளுக்கெல்லாம் மறுபடி விளக்கு எரிந்தது.

இவற்றுக்கு நடுவே அதிகம் பேர் அறியாத இன்னொரு விழா 2011-இல் தொடங்கியது. தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு என்று பெயர். கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், புகைப்படக்காரர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், அப்பா அம்மாவோடு வரும் பள்ளிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள் விடியும் முன்பே குளத்தங்கரைக்கு வந்து சேருகிறார்கள். கையில் பைனாகுலர், குறிப்பேடு, பேனா. வெயில் ஏறுவதற்குள் ஒரு குளத்தை முடித்துவிட்டு அடுத்த குளத்துக்குப் போக வேண்டும்.

ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனம் மணிமுத்தாறில் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், திருநெல்வேலி, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர் குழுக்களோடு சேர்ந்து தொடங்கிய முயற்சி இது. ஆசிய நாடுகள் பலவற்றில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வலசை வந்த பறவைகள் ஓரிடத்தில் தங்கி இரை தேடும் மாதம் அது. கடலோரக் கழிமுகத்திலும் ஏரியிலும் குட்டையிலும் ஒரே காலத்தில் எண்ணினால்தான் எந்த இனம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று தெரியும். ஓர் ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரே கணக்காக எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களை வைத்தே எண்ணவைத்ததுதான் நெல்லைக்காரர்கள் செய்த புதுமை.

ஆற்றைப் பார்க்கக் குளத்துக்கு

ஆற்றின் பெயரில் நடக்கும் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் ஆற்றங்கரையில் நிற்பதைவிடக் குளத்தங்கரையில் நிற்பதுதான் அதிகம். காரணம் இந்த ஆற்றின் அமைப்பு.

பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேரும் வரை தாமிரபரணியின் ஓட்டம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. இந்தக் குறுகிய ஓட்டத்துக்குள் அதை எட்டு இடங்களில் மறித்திருக்கிறார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழைய தடுப்பணைகள். எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. இவற்றிலிருந்து பதினொரு கால்கள் பிரிகின்றன. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்று ஒவ்வொன்றும் வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டே போகும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். இப்படிப் பாசனம் பெறும் நிலம் எண்பதாயிரம் ஏக்கருக்கு மேல்.

ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு தங்குவது இந்தக் குளங்களில்தான். பறவைகளும் அங்கேதான் தங்குகின்றன. இங்கே கார், பிசானம் என்று இரண்டு பருவம். தென்மேற்குப் பருவமழையை நம்பிக் கார் சாகுபடி, வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். ஜனவரியில் பிசான நெல் வயலில் நிற்கும், குளங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் கிடக்கும். ஆழமான நடுக்குளத்தில் முக்குளிப்பவை, ஓரத்துச் சேற்றில் கால் நீண்டவை, வயலில் பூச்சி பொறுக்குபவை என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இரை கிடைக்கும் மாதம் அது. விவசாயத்துக்காக மனிதன் வெட்டிய குளம் காட்டுயிர்களுக்கும் வீடாகிவிட்டது. எனவே இங்கே பறவையைப் பற்றிப் பேசினால் மடையைப் பற்றியும் பேசியாக வேண்டும். மறுகாலைப் பற்றியும், தூர்வாருவதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

பத்துப் பத்தாக

ஆயிரக்கணக்கில் மிதக்கும் வாத்துகளை எப்படி எண்ணுவது? முதல் முறை வருகிறவர் யாரும் கேட்கும் கேள்வி இது. கணக்கெடுப்புக்கு முன்பாக நடக்கும் பயிற்சி வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள்.

சிறு கூட்டமென்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். பெரிய கூட்டமென்றால் ஓர் ஓரத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ண வேண்டும். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொண்டு, மீதிக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக, கண் பழகியபின் நூறு நூறாக அளந்துகொண்டே போக வேண்டும். கல்யாணப் பந்தியில் வரிசையைப் பார்த்தே இலைக்கணக்குச் சொல்லும் சமையல்காரரின் கண் வேண்டும். ஒரு குழுவில் ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, இன்னொருவர் இனத்தைச் சரிபார்ப்பார். ஒரு குளத்தில் எண்ணிய கூட்டம் பறந்து அடுத்த குளத்துக்குப் போய்விட்டால் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். அதனால் அருகருகே உள்ள குளங்களை ஒரே நேரத்தில் எண்ணப் பார்ப்பார்கள்.

எல்லாம் முக்கால்வாசி முடிந்த நேரத்தில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரும். குளம் மொத்தமும் எழும்பும். எண்ணியது அத்தனையும் போச்சு. கூட்டம் மறுபடி இறங்கும் வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பக்கத்தில் மாடு மேய்ப்பவரும் மடையில் குளிக்க வந்தவரும் கேட்கும் கேள்வி எல்லாக் குளத்திலும் ஒன்றுதான்: வாத்தை எண்ணி என்ன ஆகப்போகிறது, அண்ணாச்சி? நியாயமான கேள்வி. அதற்கான பதிலைப் பிறகு பார்ப்போம். கேட்டவரே பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, போன வருஷம் இந்தப் பறவை அந்தக் கரையில் கிடந்தது என்று தகவல் சொல்லத் தொடங்குவதும் உண்டு. ஆண்டு முழுதும் அந்தக் குளத்தைப் பார்க்கிறவர் அவர்தான்.

யார் யார் வருகிறார்கள்?

பட்டியல் நீளமானது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகியவை வடக்கே நெடுந்தொலைவிலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. புள்ளிமூக்கு வாத்து, குள்ளத்தாரா, முக்குளிப்பான் இங்கேயே இருப்பவை. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா ஆகியவை மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுபவை. தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி, கோரைக்குள் மறையும் நீலத்தாழைக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி ஆகியவற்றைப் பிள்ளைகள் முதல் நாளிலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள்.

எல்லாரும் தேடுவது வரித்தலை வாத்தை. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் இந்தப் பறவை ஏழாயிரம் மீட்டர் உயரம் வரை பறப்பதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தனை தூரம் பறந்து நாங்குநேரி வட்டாரத்துக் குளங்களில் வந்து புல் மேய்கிறது.

ஆற்றின் உயிர்கள் பறவைகளோடு நின்றுவிடுவதில்லை. மேலே களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் நீர்நாய்கள் இருக்கின்றன. 1954-இல் மீனியல் அறிஞர் சைலஸ் விவரித்த ஒரு சிறு கெண்டைக்கு அறிவியல் பெயரே டாக்கின்சியா தாம்பிரபரணியி. இந்த ஆற்றுப் படுகையே அதன் உலகம். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. பறவையைக் கரையிலிருந்தே எண்ணிவிடலாம், மீனை எண்ண முடியாது. ஆனால் மீன்தின்னிப் பறவைகள் ஒரு குளத்தை விட்டுப் போகின்றன என்றால், தண்ணீருக்குள் ஏதோ சரியில்லை என்று ஊகிக்கலாம்.

காவல் காக்கும் ஊர்கள்

கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே பறவைகளைத் தங்கள் பிள்ளைகளாக வைத்துக்கொண்ட ஊர்கள் இந்தப் பக்கம் உண்டு. நாங்குநேரி அருகே கூந்தன்குளத்தில் குளத்துக்குள் இருக்கும் மரங்கள் போதாமல், ஊருக்குள் தெருவோர மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். எச்சத்தின் நாற்றத்தையும் குஞ்சுகளின் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு அதன்கீழ் மக்கள் வாழ்கிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட பலன். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியின் பெயர் பறவை ஆர்வலர்கள் எல்லாருக்கும் தெரியும். அரசு 1994-இல் சரணாலயம் என அறிவித்தது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. ஊர்க்காரர்களின் காவல் இவற்றுக்கெல்லாம் முந்தியது.

இன்னோர் ஊர் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி ஓங்கி நிற்கும் மருத மரங்களில் நாரைகளும் பழந்தின்னி வௌவால்களும் அடைகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம், உள்ளூர் மக்களோடு கலந்து பேசிப் பாதுகாப்பகம் அமைக்க வழி செய்தது. அந்த வழியில் 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது இந்த ஊர்தான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. பறவைகளைக் காக்கப் பெரும் காடு வேண்டியதில்லை, சம்மதிக்கும் ஊர் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கொண்டாட்டத்தின் குப்பை

மற்ற விழாக்கள் இந்த ஆற்றுக்கு என்ன செய்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்ற நம்பிக்கையில் வேட்டி, சேலை எல்லாம் தண்ணீருக்குள் போகின்றன. அவை பாறை இடுக்குகளில் சிக்கி அடியில் படிகின்றன. தன்னார்வலர்கள் முக்குளித்து அள்ள அள்ள மறுபடி சேர்கின்றன. ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்தபின், காரையாறு கோயில் இருக்கும் புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்க ஒரு படையே வேண்டியிருக்கிறது. ஆற்றைக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குத் தீங்கு நினைக்கிறவர்கள் இல்லை. தான் விட்ட துணி பிறகு எங்கே போகிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

விழா நாளில் மட்டும் வரும் குப்பை இது. 365 நாளும் வருவது சாக்கடை. திருநெல்வேலி மாநகருக்குள் ஆறு நுழைந்து வெளியேறுவதற்குள் அதன் நிறமே மாறுகிறது. ஆற்றில் சாக்கடை கலப்பது குறித்த வழக்கு விசாரணையின் தொடர்ச்சியாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024-இல் நேரிலேயே வந்து கரையில் நடந்து பார்த்தார்கள். அதற்கு முன் மணல். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தாமே நீதிமன்றம் ஏறி வாதாடி, 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை பெற்றார்.

குளங்களின் கதை கொஞ்சம் சிக்கலானது. தூர்வாருவது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, கரை உடைந்த குளங்கள் எத்தனை வீடுகளையும் வயல்களையும் கொண்டுபோயின என்பதைத் தென்மாவட்டம் மறக்கவில்லை. குளம் ஆழமாகவும் கரை பலமாகவும் இருக்க வேண்டும். ஆனால் பொக்லைன் எந்திரத்தை இறக்கிக் குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால், முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று இரை தேடும் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. சமூகக் காடுகள் திட்டத்தில் குளத்துக்குள் நட்ட நாட்டுக் கருவேல மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டுகின்றன. அந்த மரங்களை ஏலம் விட்டு மொத்தமாக வெட்டினால் அடுத்த ஆண்டு கூடுகளும் இல்லை. சீமைக் கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று இறங்கும்போது நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போய்விடும் ஆபத்தும் உண்டு.

ஒரு குளம், நான்கு அலுவலகம்

வாத்தை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று குளத்தங்கரையில் கேட்டவருக்கு இப்போது பதில் சொல்லலாம். பெரிய குளத்தின் மடையும் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. சிறு குளம் என்றால் ஊராட்சி ஒன்றியம். உள்ளே நிற்கும் மரம் வனத்துறையின் கணக்கில் வரும். மீன்பாசி ஏலம் இன்னொரு கணக்கு. ஒவ்வோர் அலுவலகத்திடமும் ஒரு புள்ளிவிவரம் உண்டு: ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மரம் எத்தனை, ஏலத்தொகை எவ்வளவு. பெரும்பாலான குளங்களில் பறவைக்கு மட்டும் கணக்கு இருந்ததில்லை. கணக்கில் இல்லாதது முடிவெடுக்கும் மேசைக்கு வராது. மரத்தை வெட்டலாமா, எந்த ஓரத்தை ஆழப்படுத்தலாம், எந்த மாதத்தில் தூர்வாரலாம் என்று பேசும்போது, இந்தக் குளத்தில் இத்தனை கூடுகள் இருந்தன, இந்தக் கரை ஓரத்தில்தான் இத்தனை ஆயிரம் வாத்துகள் மேய்ந்தன என்று எழுதிய தாள் ஒன்று மேசையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். ஆண்டுக்காண்டு எடுத்த எண்கள் இருந்தால்தான், குறைந்தது மழையாலா, நம்மாலா என்றும் பிரித்துச் சொல்ல முடியும்.

அந்தத் தாளைச் சேர்க்க வேண்டிய இடம் எது? தமிழ்நாடு முழுவதும் ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. கணக்கெடுப்பு நடப்பதும் அதே ஜனவரியில். கூந்தன்குளத்தின் எண் கூந்தன்குளம் மக்கள் முன்பாக, மற்றக் குளங்களின் எண் அந்தந்த ஊர் மக்கள் முன்பாக அந்தச் சபையில் வாசிக்கப்பட வேண்டும். அந்தத் தேதிக்குள் எண்கள் கைக்கு வராத ஊர்களுக்கு மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இருக்கிறது. அறிக்கை இணையத்திலும் ஆராய்ச்சிக் கோப்பிலும் இருப்பது அறிஞர்களுக்குப் பயன்படும். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அது ஊருக்குப் பயன்படும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்கள் மூவரும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், செலவில்லாமல் முடிகிற காரியம்.

எண்ணுவதற்குப் பறவையியல் படித்திருக்க வேண்டியதில்லை. பைனாகுலர் இல்லாதவருக்குக் குழுவில் யாராவது கொடுப்பார்கள். பளபளப்பான சட்டையைத் தவிர்த்து மண்நிற உடையில் வந்தால் போதும். கூடுகளுக்கு அருகே போகக் கூடாது, படம் எடுப்பதற்காகப் பறவைகளைக் கிளப்பிவிடக் கூடாது, கொண்டுவந்த பிளாஸ்டிக் பையைத் திருப்பி எடுத்துப்போக வேண்டும் என்ற மூன்றும் கட்டாயம்.

நெல்லைச் சீமையில் இருப்பவர்கள் வரும் ஜனவரியில் ஒரு காலையாவது பக்கத்துக் குளத்துக்குப் போங்கள். தாமிரபரணிக்கு அப்பால் இருப்பவர்கள் தங்கள் ஊர் ஏரியிலோ கண்மாயிலோ இதைத் தொடங்கலாம். ஆசியக் கணக்கெடுப்பில் எந்த ஊரும் சேரலாம். எண்ணி முடித்தபின் அந்தத் தாளை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கிராம சபைக்குக் கொண்டுபோய் வாசித்து, தீர்மானத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.